சார்ஜர் மாட்ட வேண்டிய சுவர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அத்தானும் நானும் சுகம். கடையும் சுகம். உன் வீட்டிலும் எல்லோரும் சுகம் என்றுதான் இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று போன வாரம்தான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ "அக்கா, சத்தம் விட்டு விட்டு வருது" என்பாய். நான் கத்துவேன். நீ அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், போட்டு வாங்கிக்கொள். உன் கையெழுத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

முதலில் வண்டி விஷயத்தை முடித்துவிடுகிறேன். நீதான் போன மாதம் முழுக்க அதைப் பற்றியே பேசினாய்.

நம் வேன் மூன்றாம் தேதி மேம்பாலத்தின் நடுவில் நின்றுபோனது உனக்குத் தெரியும். ஒரு மருத்துவர் வீட்டில் பதினாறு ஜன்னலுக்குத் திரை அளவெடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். சாம்பிள் புத்தகம் அத்தனையையும் வாடகைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய் அளவெடுத்துவிட்டுத்தான் வந்தேன். மெக்கானிக் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மேல இதைத் தொந்தரவு பண்ணாதீங்கக்கா, பாவம்" என்றார். ஐந்தாம் தேதி உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? "இப்பவாவது எலக்ட்ரிக் வாங்கு அக்கா. பெட்ரோல் கதையெல்லாம் முடிஞ்சுபோச்சு." எட்டு வருடமாக நீ சொல்லிக்கொண்டிருந்ததுதான். வெளிநாட்டில் கார் பேட்டரி செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவன் வேறு என்ன சொல்வான். இரண்டு வருடம் முன்னால் இங்கே வந்திருந்தபோது கார் நிறுத்துகிற சந்தில் நின்று, சுவரைக் கையால் தட்டி, "சார்ஜர் இங்க வரணும், மழை படாது" என்று அத்தானிடம் இடம் காட்டியவனும் நீதான்.

எனக்கு ஒரு பொருளைப் பார்த்து வாங்கத் தெரியும். சைக்கிளில் படுக்கை விரிப்புக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய காலத்திலிருந்து நான் செய்துவருகிற வேலை அது ஒன்றுதான். எது நிற்கும், எது இரண்டு சலவையில் சாயம் போகும் என்று பார்த்துத்தான் எடுப்பேன். காரையும் அப்படியே பார்த்தேன். இரண்டு வாரம் வாடகைக் காரில் எங்கெங்கே போகிறேன், எத்தனை கிலோமீட்டர் என்று துணிச் சுருளின் உள்ளே வருகிற அட்டைக் குழாயின் மேலேயே குறித்துவைத்தேன். எந்த நாளும் எண்பதைத் தாண்டவில்லை. காலையில் கிளம்பினால் மாலையில் வீடு திரும்பிவிடுகிறேன். இதற்கு எலக்ட்ரிக் போதும் என்று அட்டைக் குழாயே சொல்லிவிட்டது.

இருந்தாலும் ஷோரூமுக்குப் போய் இரண்டையும் காட்டச் சொன்னேன். அங்கிருந்த விற்பனையாளர் கெட்டிக்காரர். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால், "மேடம், கார் நிறுத்த சொந்த இடம் இருக்கா?" என்று கேட்டார். நல்ல வியாபாரி முதலில் கேள்விதான் கேட்பான், எனக்குப் பிடித்துப்போனது. சொந்த இடம் இருந்தால் சுவரில் சார்ஜர் மாட்டிக்கொண்டு எலக்ட்ரிக் எடுக்கலாமாம். இல்லாதவர்களுக்கு ஹைப்ரிட். அதில் பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு, ஓடும்போதே தனக்குத் தானே ஏற்றிக்கொள்ளும், எந்தச் சுவரிலும் சொருக வேண்டாம். "பாதி பேர் வாடகை வீட்டுல இருக்காங்க மேடம். அவங்களுக்கு அதுதான் வசதி" என்றார். நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் தெரியுமா, காலை நீட்டிக்கொண்டு. "எங்களுக்குச் சொந்த வீடு" என்றேன்.

அத்தான்தான் ஓட்டிப் பார்த்தார். எலக்ட்ரிக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "என்னம்மா இது, ஸ்டார்ட் ஆயிடுச்சா இல்லையா?" என்று என்னைக் கேட்டார். முப்பது வருடமாகத் தையல் மெஷின் சத்தத்துக்குள்ளேயே இருந்த மனுஷன். ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிவிட்டு வந்தும் இறங்க மனசில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விற்பனையாளர் பயந்துபோய், "சாருக்கு ஏதாவது..." என்றார். ஒன்றுமில்லை, வாழ்க்கையில் முதல் முறையாக அமைதியாக இருக்கிறார், விடுங்கள் என்றேன்.

அன்றைக்கே ஒயரிங் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு நீ தட்டிக் காட்டிய சுவரைக் காட்டினேன். மீட்டரிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும், மின்வாரியத்தில் மனுக் கொடுக்க வேண்டும், மனுவில் வீட்டின் உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். உரிமையாளர் என்றால் காகிதத்தில் நீ. மனுவைப் படமெடுத்து உனக்கு அனுப்பினேன். "கையெழுத்துப் போட்டு அனுப்புடா" என்று மூன்றே வார்த்தைதான் எழுதினேன். அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது.

நான்கு நாள் உன்னிடமிருந்து சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் கூப்பிட்டாய். முக்கால் மணி நேரம் பேசினாய். பிள்ளைகளின் பரீட்சைக்குக்கூட நீ அவ்வளவு நேரம் பேசியதில்லை. எலக்ட்ரிக் வேண்டாம் என்றாய். பேட்டரி தேய்ந்துபோகும் என்றாய். பழையதாகிவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்றாய். தண்ணீர் தேங்கினால் ஆபத்து என்றாய். கரண்ட் போனால் என்ன செய்வாய் என்றாய். "ஹைப்ரிட்தான் உனக்குச் சரி அக்கா. நான் இந்த வேலையிலேயே இருக்கேன்ல, எனக்குத் தெரியாதா?"

தம்பி, அந்த இடத்திலேயே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். ஒரு கடையில் போய் ஒரு துணியை எடுத்துப் போடுங்கள் என்று கேட்கிறோம். கடைக்காரர் அதை எடுக்காமல் வேறொன்றை விரித்துப் போட்டுப் புகழ ஆரம்பிக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? நாம் கேட்டதை வேறு யாருக்கோ பேசி முடித்துவிட்டார் என்று அர்த்தம். நானே ஆயிரம் முறை செய்திருக்கிறேன். அடுத்தவர் செய்தால் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன். நீ செய்தபோது தெரியவில்லை. முதல் தடவை எலக்ட்ரிக் என்று நீ சொன்னது வாய்ப் பழக்கத்தில். கையெழுத்து என்று நான் கேட்ட பிறகுதான் உனக்கு உறைத்திருக்கிறது. இது எதுவும் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

ஏன் புரியவில்லை என்றால், முக்கால் மணி நேரத்தின் கடைசியில் நீ ஒன்று சொன்னாய். "நீ காசு போட வேண்டாம் அக்கா. ஹைப்ரிட்டை நான் வாங்கித் தரேன். நீ எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்க. ஒரு காராவது நான் வாங்கித் தரக் கூடாதா?"

போனை வைத்துவிட்டுக் கோடவுனுக்குள் போய் சோபாத் துணிக் கட்டுக்குப் பின்னால் நின்று அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன், தையல்காரப் பெண்கள் மூவரும் பார்த்துவிட்டார்கள். என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். தம்பி கார் வாங்கித் தருகிறான் என்றேன். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? எதிர்க்கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். பதினைந்து வருடமாக என் வாடிக்கையாளரை வழிமறித்து இழுக்கிற மனுஷன், அவரே "தம்பின்னா அப்படி இருக்கணும்" என்றார். அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில் எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் எப்படிச் சொல்வது. இன்றைக்கும் ஷட்டரைத் தூக்கும்போது, "தம்பி வண்டி எப்ப வருது?" என்று கேட்கிறார். தினமும் கேட்கிறார்.

நீ ஷோரூமுக்கு முன்பணமும் அனுப்பிவிட்டாய். அத்தானுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் தம்பி ஆசையாகத் தருகிறான் என்று ஹைப்ரிட் புத்தகத்தை வைத்துக்கொண்டு நிறம் பார்த்தார்.

இதோடு முடிந்திருக்கும். ஒயரிங்காரர் ஒருநாள் வந்து பார்த்ததற்குப் பணம் வாங்க வந்தவர், சார்ஜர் வேண்டாம் என்றாலும் லைன் பவரைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், வீட்டில் தையல் மெஷின் அத்தனையும் ஓடும்போது கம்பி சூடாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தான் பயந்த சுபாவம். கம்பி சூடு என்றதும் என்னை விடவில்லை. உன் கையெழுத்து இல்லாமல் என்ன செய்யலாம் என்று கேட்டுவரத்தான் மின்வாரியத்துக்குப் போனேன்.

கவுண்டரில் ஒரு அம்மா, என் வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கதவு எண்ணைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "இந்த அட்ரஸுக்கு ஏற்கெனவே மனு ஓடிட்டிருக்கேம்மா" என்றார். என்ன மனு என்றேன். "பழைய கட்டடத்தை இடிக்கிறதுக்கு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி ஒண்ணு. புதுக் கட்டடத்துக்கு லைன் கேட்டு இன்னொண்ணு. ஆறு மாடி. பன்னெண்டு கார் சார்ஜிங் பாயிண்ட் கேட்டிருக்காங்க."

எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் போல என்று மறுபடி சொன்னேன். அவர் நல்ல மனுஷி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து இருந்தது. பெயருக்கு அடியில் ஒரு கோடு, கோட்டுக்கு மேல் இரண்டு புள்ளி. எட்டாம் வகுப்பில் படிக்கும்போது என் பில் புத்தகத்தின் பின்பக்கம் முழுக்க எழுதி எழுதிப் பழகிய கையெழுத்து. புத்தகத்தைப் பாழாக்கினாய் என்று அடித்திருக்கிறேன். தேதியையும் பார்த்தேன். இரண்டாம் தேதி. என் வேன் நின்றுபோனதற்கு முதல் நாள்.

நான் ஒரு சார்ஜருக்குக் கையெழுத்துக் கேட்டால் ஆயிரம் காரணம் சொன்னவன், அதற்கு முன்பே பன்னிரண்டு சார்ஜருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாடகைக்கு இருக்கீங்களாம்மா? ஓனர் உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார். "சொல்லலீங்க" என்றேன். முதல் கேள்வியைக் காதில் வாங்காத மாதிரி கைப்பையை எடுத்தேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

உனக்கு மறந்திருக்காது, ஆனாலும் சொல்கிறேன். இருபத்தொரு வருடம் முன்னால் இந்த இடத்தை நான் பேசி முடித்தபோது வங்கியில் என்னிடம் சம்பளச் சீட்டுக் கேட்டார்கள். துணி விற்கிறவளுக்கு யார் சம்பளச் சீட்டுத் தருவார்கள்? நீ அப்போதுதான் முதல் வேலையில் சேர்ந்து மூன்று மாதம். உன் பெயரில் வாங்கினால் கடன் கிடைக்கும் என்றார் மேனேஜர். கடைசித் தவணை வரை என் கடையிலிருந்துதான் போனது. பத்திரப் பதிவு அன்றைக்கு நீதான் சொன்னாய், "அக்கா, இது உன்னோடதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கோ" என்று. நான் உன் மண்டையில் ஒன்று வைத்து, "தம்பிகிட்ட எழுதி வாங்குறவ அக்காவா?" என்றேன். வெளியே நின்ற டைப் அடிக்கிறவர்கூடச் சிரித்தார்.

இத்தனைக்கும் என் கடையில் ஒரு மீட்டர் துணியை வெட்டுவதற்கு முன்னால் சீட்டில் கையெழுத்து வாங்காமல் கத்தரிக்கோலைத் தொட மாட்டேன். வெட்டிவிட்டால் அந்தத் துணி வேறு யாருக்கும் ஆகாது. பெரிய மனிதர் வீட்டுப் பெண்கள் முகம் சுளித்தாலும் விடமாட்டேன். ஊரில் எல்லோரிடமும் வாங்கிய கையெழுத்தை உன் ஒருவனிடம் வாங்கவில்லை. முட்டாள்தனம்தான். அதை உன்மேல் போட மாட்டேன், என்னுடையது.

மின்வாரியத்தில் இருந்த மனுவில் கட்டடக்காரரின் பெயரும் அலுவலகமும் இருந்தன. நேரே அங்கே போனேன். உள்ளே நுழைந்ததும் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் நம் தெருவும், நம் வீடு இருக்கிற இடத்தில் ஆறு மாடியும், கீழே சுண்டுவிரல் அளவு கார்களும். அழகாகத்தான் செய்திருக்கிறார்கள். வீட்டில் இப்போது இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். நான் யார் என்று சொல்லவில்லை, ஒரு வீடு வாங்க வந்தவள் மாதிரி நின்றேன். கட்டடக்காரர், "அதுல ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க. ஓனரோட அக்காதான் இருக்காங்க. சார் அவங்களுக்கு ஒரு வாடகை வீடு பார்த்துட்டார், ஒரு காரும் வாங்கித் தரார். எல்லாம் பேசி முடிச்சாச்சு" என்றார். பத்திரம் அடுத்த மாதக் கடைசியில். முன்பணம் மட்டும் உனக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் ஹைப்ரிட் எனக்குப் புரிந்தது. வாடகை வீட்டுச் சுவரில் சார்ஜர் மாட்ட விடமாட்டார்கள். அதனால் எங்கேயும் சொருக வேண்டாத வண்டியாகப் பார்த்திருக்கிறாய். அக்கா சிரமப்படக் கூடாது என்று எவ்வளவு யோசித்திருக்கிறாய் பார். என் வீட்டுக்காக வாங்கிய முன்பணத்திலேயே எனக்கு ஒரு பரிசு. நீ என்னைத் தெருவில் விட்டுவிட்டு ஓடிப்போயிருந்தால் ஒரு தடவை திட்டிவிட்டு முடித்திருப்பேன் என்று நினைக்கிறேன். இந்த அக்கறையைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

அத்தானிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் நீலமா, சாம்பலா என்று புத்தகத்தை நீட்டினார். சொல்லிவிட்டேன். மெஷினை நிறுத்தினார். "அவன் கையெழுத்தா இருக்காது. நல்லாப் பார்த்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். நிறப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "அவனுக்கு அங்க என்ன கஷ்டமோ" என்றார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. கத்தினேன். பிறகு யோசித்தால் அவர் கேட்டது சரியான கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

உன் வீட்டுக்காரிக்குப் போன் செய்தேன். அவளைத் திட்டுவதாகத்தான் இருந்தேன், மறைக்கவில்லை. நான் வாயைத் திறந்ததும் அவள், "அண்ணி, நீங்க சம்மதிச்சதா சொன்னாரே. நீங்கதான் வித்துக்கோடான்னு சொன்னீங்கன்னு சொன்னாரே" என்றாள். திட்ட வந்ததை விட்டுவிட்டு, என்னதான் நடக்கிறது என்று கேட்டேன். சொன்னாள். எட்டு மாதமாக உனக்கு வேலை இல்லை. அங்கே ஜனங்கள் எல்லாம் ஹைப்ரிட் பக்கம் போய்விட்டார்களாம், உன் கம்பெனி பேட்டரிப் பிரிவையே மூடிவிட்டதாம். எட்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் என்னோடு பேசினாய். ஆபீஸில் வேலை அதிகம் என்றாய். நான் "உடம்பைப் பார்த்துக்கடா, ரொம்ப உழைக்காதே" என்றேன். நீ சரி அக்கா என்றாய்.

நீ என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நல்லவள் வேஷம் போட மாட்டேன். உடனே கொடுத்திருக்க மாட்டேன். திட்டியிருப்பேன். உன் சேமிப்பெல்லாம் எங்கே என்று குடைந்திருப்பேன். வீட்டை விற்கவே விட்டிருக்க மாட்டேன், ஆனால் கோடவுனில் பாதியை வாடகைக்கு விட்டாவது உன்னைத் தாங்கியிருப்பேன். நீ அந்தத் திட்டுக்குப் பயந்தாய். இருபத்தொரு வருடத்து வீட்டைக் கொடுத்தது என்னிடம் ஒரு மணி நேரம் திட்டு வாங்காமல் இருப்பதற்காக. வியாபாரத்தில் இதைவிட மோசமான பேரத்தை நான் பார்த்ததில்லை.

இப்போது நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். எதையும் ஒளிக்கவில்லை, ஒளிப்பதற்கு நம் இரண்டு பேரில் ஒருவர் போதும்.

வக்கீலைப் பார்த்துவிட்டேன். தவணை எல்லாம் என் கணக்கிலிருந்து போனதற்கான காகிதம் பெட்டியில் இருக்கிறது. அதை வைத்துப் பத்திரப் பதிவுக்குத் தடை கேட்கலாம் என்கிறார். கேட்டால் கிடைக்கும் என்கிறார். ஆனால் மனுவில் உன் பெயரை எதிராளி என்று எழுத வேண்டுமாம். எழுதிக் கொண்டுவந்து காட்டினார். என் பெயர் மேலே, உன் பெயர் கீழே, நடுவில் "எதிர்" என்று ஒரு வார்த்தை. கையெழுத்துப் போடச் சொன்னார். பேனாவை வாங்கி மூடிவைத்துவிட்டு, அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி வரை பொறுங்கள் என்று சொல்லி வந்திருக்கிறேன்.

ஷோரூமுக்கும் போனேன். ஹைப்ரிட் வேண்டாம், தம்பி அனுப்பிய பணத்தை அவனுக்கே திருப்பிவிடுங்கள் என்றேன். உனக்கு வந்திருக்கும். அதைத் தொடாமல் வை, கட்டடக்காரரிடம் திருப்பிக் கொடுக்க உதவும். மீதியை எப்படிப் புரட்டுவது என்று நானும் அத்தானும் யோசித்து வைத்திருக்கிறோம். நீ கேட்டால் சொல்கிறேன். கேட்காமல் சொல்ல மாட்டேன்.

என் காசில் எலக்ட்ரிக் வண்டிக்குப் பதிவு செய்துவிட்டேன். விற்பனையாளர் சந்தோஷமாக, "சார்ஜர் எந்தத் தேதியில வந்து மாட்டணும் மேடம்?" என்று கேட்டார். வண்டி வர ஆறு வாரம் ஆகும், அதற்குள் சொல்கிறேன் என்றேன். புத்திசாலி ஒருத்தி செய்கிற காரியம் இல்லை இது. இடம் இல்லாமல் இப்படி ஒரு வண்டியை எடுக்காதீர்கள் என்றுதான் நான் யாருக்கும் சொல்வேன். ஹைப்ரிட்டை எடுத்துக்கொண்டால் எங்கே குடியிருந்தாலும் ஓட்டலாம். அதனால்தான் எடுக்கவில்லை. எடுத்தால், போகிறேன் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி.

இந்தக் கடிதத்தோடு மின்வாரியத்தின் மனு ஒன்றை வைத்திருக்கிறேன். ஒரே ஒரு சார்ஜருக்கு. உரிமையாளர் என்ற இடத்தில் உன் பெயரை நானே எழுதிவிட்டேன். கீழே கோடு காலியாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கட்டடக்காரரிடம் நீ பேசிவிட்டாய் என்று புரிந்துகொள்வேன், வக்கீலுக்கு அந்த மூடிய பேனாவோடு வேலை இருக்காது. வெறும் காகிதமாகத் திரும்பி வந்தாலும் எனக்குப் புரியும். ஒன்றும் அனுப்பாமல் மட்டும் இருந்துவிடாதே. எட்டு மாதம் அதைத்தான் செய்தாய்.

வேலைக்காக அலைகிறபோது ஒழுங்காகச் சாப்பிடு. நீ பசித்தால் தப்புத் தப்பாக முடிவெடுக்கிறவன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உன் வீட்டுக்காரியிடம் கோபித்துக்கொள்ளாதே. என்னை ஏமாற்றியது போலவே அவளையும் ஏமாற்றியிருக்கிறாய், அவளிடமும் ஒருநாள் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரிய வேண்டாம். அத்தை கார் வாங்கியிருக்கிறாள், விடுமுறைக்கு வந்தால் சத்தமே இல்லாமல் ஊரைச் சுற்றிக் காட்டுவாள் என்று மட்டும் சொல். உனக்குச் சீக்கிரம் ஒரு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். இத்தனை கோபத்திலும் அதை என்னால் மாற்றிச் சொல்ல முடியவில்லை, சொல்லிப் பார்த்தேன்.

நீ கூப்பிட்டால் எடுப்பேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதே. ஆனால் எந்த வண்டி நல்லது என்று ஆரம்பித்தால் வைத்துவிடுவேன். "அக்கா, வீட்டை வித்துட்டேன்" என்று ஆரம்பி. மின்வாரியத்து அம்மா சொல்லிவிட்டார், கட்டடக்காரர் சொல்லிவிட்டார், உன் மனைவி சொல்லிவிட்டாள். நீ ஒருவன்தான் இன்னும் சொல்லவில்லை. நீ சொல். நான் திட்டுகிறேன். அதற்கு மேல் என்ன செய்யலாம் என்று பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்.

நல்லா இரு.

வீட்டிலிருந்து,
அக்கா